கஞ்சி போட்ட விமானம்

என் பிள்ளை யுத்தத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக நாங்கள் ஒரு யுத்த விமானத்தையே தூக்கி அவன் கையில் கொடுத்தோம். சிரிக்காதீர்கள். யோசனை என்னுடையது இல்லை. பி.ஏ. படித்து, சமஸ்தானத்து உத்தியோகத்தில் இருந்த என் ஆத்துக்காரர் சொன்னது. அவ்வளவு படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்போது எனக்கும் ஒரு எண்ணம் இருந்தது.

சங்குமுகத்துக் கடற்கரைப் பக்கம் விமானம் இறங்குகிற மைதானம் வந்தபோதே எங்களுக்குச் சனி பிடித்துவிட்டது. தபால் விமானத்தைப் பார்க்க ஊரே போயிற்று, கடலை தின்றது, திரும்பி வந்தது. என் பிள்ளையின் உடம்பு மட்டும்தான் திரும்பி வந்தது. அது சாப்பிட்டது, தூங்கிற்று, காலேஜுக்குப் போயிற்று. மனசு அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டது. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டபடி ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து, சாணியை மிதித்துக்கொண்டு உள்ளே வருவான். "காலை அலம்பிண்டு வாடா கடங்காரா" என்று நான் கத்தினால், "இன்னிக்குக் காத்து தெற்கேர்ந்தும்மா, அதான் அவன் ஒரு சுத்து சுத்திட்டு இறங்கினான்" என்பான். அந்த 'அவன்' யாரோ பைலட். பெற்ற அப்பா எந்தப் பக்கமிருந்து வீட்டுக்குள் வருகிறார் என்பது அவனுக்குத் தெரியாது.

அப்புறம் இரண்டாவது மகாயுத்தம் வந்தது. ஆரியசாலையில் மொத்தக் கடைச் சுவர்களில் எல்லாம் விளம்பரம் ஒட்டினார்கள். தொப்பி போட்ட ஒருவன் மேகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பான், வாலிபர்களே வாருங்கள் என்று கீழே எழுதியிருக்கும். மிளகாய் வற்றல் வாங்கப் போன பிள்ளை வற்றலை மறந்துவிட்டு வந்து நின்று சொன்னான்: "அம்மா, பரீட்சை முடிஞ்சதும் பேர் குடுக்கப் போறேன். தீர்மானம் பண்ணியாச்சு."

நான் மூன்று பெற்றவள். இரண்டை அம்மையும் காய்ச்சலும் கொண்டுபோயிற்று. மிச்சம் இருந்தது இவன் ஒருவன்தான். இவனையும் ஆகாசத்துக்குத் தூக்கிக் கொடு என்றால் யார் கொடுப்பார்கள்? அழுதேன், பட்டினி கிடந்தேன், பத்மநாபசுவாமி சந்நிதியில் போய்ச் சண்டையே போட்டேன். பிள்ளை அசையவில்லை. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் ஆத்துக்காரருக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. அவர் ஒரு கொட்டகைக்கு மேற்பார்வையாளர். பெரிய மியூசியத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள், அது வேறே. இது முந்தின மகாயுத்தம் முடிந்த பிறகு வெள்ளைக்காரன் சமஸ்தானத்துக்குச் சன்மானமாக அனுப்பின சாமான்களைப் போட்டுவைத்த ஓட்டுக் கொட்டகை. ஒரு பீரங்கி, கிழிந்த கொடிகள், நாலைந்து துப்பாக்கி, கட்டக் கடைசியில் பெரிய மரப்பெட்டிகளில் பிரித்து அடுக்கின ஒரு ரெட்டை றெக்கை விமானம். அந்தப் பெட்டிகளை வந்த நாளிலிருந்து யாரும் திறந்து விமானமாகப் பூட்டவில்லை. துணியை எலி தின்றது. எஞ்சினுக்குள் அணில் குடித்தனம் பண்ணிற்று. இப்போது புது யுத்தத்துக்கு ஆள் சேர்க்க ஒரு கண்காட்சி நடத்தப் போகிறார்களாம், பழைய விமானத்தைச் சீர்செய்து வாசலில் நிறுத்து என்று உத்தரவு.

"ஏன்னா, அதை எடுத்து அணிலுக்கே எழுதி வெச்சுடுங்கோ" என்றேன் நான்.

அவர் சிரித்தார். உத்தியோகஸ்தர்கள் பெரிய யோசனை வரும்போது சிரிக்கிற சிரிப்பு. "நீ ஒண்ணு. நம்ம பிள்ளைகிட்டயே இந்த வேலையைக் குடுத்துடறேன். விமானம்னுதானே உசிரை விடறான்? இந்தா, ஆசை தீரத் தட்டிண்டிரு. இது ஜன்மத்துக்கும் ஒரு ஜாண் எழும்பாத விமானமாக்கும். இவன் சரிபண்ணி முடிக்கறதுக்குள்ள யுத்தமே முடிஞ்சுடும்."

அழுகிற குழந்தை கையில் மரப்பாச்சியைக் கொடுப்பதில்லையா, அந்த மாதிரி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிள்ளையும் சரி என்றுவிட்டான். பரீட்சை எழுதினான், பேர் கொடுக்கவில்லை, தினமும் காலையில் கொட்டகைக்குப் போனான். சட்டையெல்லாம் துருவும் எண்ணெயுமாக வந்து நின்றான். நான் சந்தோஷமாகத் துவைத்தேன்.

மரச்சட்டங்களையும் சக்கரத்தையும் அவன் சரிபண்ணிவிட்டான். றெக்கைக்குத் துணி வேண்டும். சீமையிலிருந்து வருகிற நார்த்துணிக்கு யுத்தகாலத்தில் எங்கே போக? பாலராமபுரத்தில் நெசவு போட்டிருந்த ஒருவரிடம் ஆத்துக்காரர் சொல்லி அனுப்பினார்: வெள்ளைத் துணி, நெருக்கமான இழை, கரை எதுவும் வேண்டாம். துணி வந்தது. விரித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் பளபளவென்று கசவுக்கரை, தங்க ஜரிகை!

"பிளேனுக்கு எதுக்கய்யா கசவு? கல்யாணமா நடக்கறது?" என்று ஆத்துக்காரர் குதித்தார்.

நெசவுக்காரர் அசரவில்லை. "சாமி, கரை இல்லாம நீளத்துக்கு வெள்ளைத் துணி நெய்யச் சொன்னா, யாரு வீட்ல சாவுன்னுதான் கேப்பாவ. கோடித்துணியை மனுசன் ஏறுற வண்டிக்குப் போடுவாவளா? எங்க தறியில அது நடக்காது, கேட்டீளா."

சட்டப்படி திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஆத்துக்காரர் காகிதத்தை எடுத்தார். நான் துணியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "கரை இருக்கட்டும். கரையில்லாத துணி இந்த ஆத்துப் படி ஏறப்படாது" என்றேன். என் குரலைக் கேட்டு அவர் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

தைக்க ஆள் வேண்டுமே என்றார்கள். தையற்காரர்கள் எல்லாரும் பட்டாளத்துக்குக் காக்கி தைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை நல்ல கை. பிறந்தது நாகர்கோவில் பக்கம். எங்கள் தெருக்கோடியில் மிஷன் அம்மாமார்கள் பெண்களுக்கு ஊசி வேலை சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே தையலும் கற்றுக்கொண்டேன், அரைகுறையாக இங்கிலீஷும் கற்றுக்கொண்டேன். இரண்டும் பின்னால் எனக்கே வினையாயிற்று.

கொட்டகையில் போய் ஆண்பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து தைக்க முடியுமா? ஆகையால் றெக்கை எங்கள் வீட்டுக்கு வந்தது. கட்டைவண்டியில் வைத்துக் கட்டி, சர்க்கார் சொத்து என்று தெரியாமலிருக்க வைக்கோலைப் போட்டு மூடி, ஒவ்வொன்றாக வந்தது. கூடத்தில் கிடத்தினால் ஒரு நுனி சமையலறை வாசலில், இன்னொரு நுனி ரேழியில். எல்லாரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தோம். எலி தின்றது போக மிச்சமிருந்த பழைய துணியைப் பிரித்து, சீமைக்காரன் எப்படித் தைத்திருக்கிறான் என்று பார்த்தேன். மெத்தை தைக்கிற மாதிரி நீள ஊசியை மேலேயிருந்து கீழே குத்தி, சட்டத்தைச் சுற்றி நூலை எடுத்து, ஒவ்வொரு தையலையும் தனித்தனியாக முடிச்சுப் போட்டுப் பூட்டியிருந்தான். ஒன்று அறுந்தாலும் அடுத்தது விடாது. கெட்டிக்காரன்தான், எந்த அம்மா பெற்ற பிள்ளையோ. நானும் நூலில் தேன்மெழுகு தடவி அப்படியே தைத்தேன்.

தைத்தாயிற்று, துணி விறைப்பாக நிற்கவில்லை. அதற்கென்று ஒரு மருந்து பூச வேண்டுமாம். எழுதிக் கேட்டதற்கு, பறக்கிற விமானத்துக்கே இல்லை, செத்த விமானத்துக்கு எங்கே என்று பதில் வந்தது. துணி விறைக்க என்ன செய்வோம்? வேட்டிக்குச் செய்கிறதைத்தான் செய்வோம். ஒரு அண்டா கஞ்சி காய்ச்சினேன்.

இங்கேதான் புது வில்லங்கம். எங்கள் வீடுகளில் சாதம் பட்டதெல்லாம் பத்து. கஞ்சியைத் தொட்ட கையை அலம்பாமல் தயிரைத் தொடக் கூடாது, ஊறுகாய் ஜாடியைத் தொடக் கூடாது. ஆக விமானமும் பத்து. கூடத்தைத் தாண்டும்போது வேஷ்டி நுனி றெக்கையில் பட்டால் கூட, "அலம்புங்கோ, அலம்புங்கோ" என்று நான் சத்தம் போடுவேன். பக்கத்தில் ஒரு செம்பில் ஜலம் எப்போதும் இருந்தது. ஆத்துக்காரருக்கு அது பழகி, கொட்டகையில் பூட்டி நிறுத்தின பிறகும் றெக்கையைத் தொட்டால் அங்கே ஒரு செம்பைத் தேடுவார். கடைசியில் ஒன்று வாங்கியே வைத்துவிட்டார்.

ஒரு றெக்கையைத் தெருவில் வெயிலில் காயவைத்தோம். "மாமீ, பசு பிளேனைத் தின்னறது!" என்று எதிர்வீட்டிலிருந்து அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால் கோயில் பசு சாவகாசமாக நின்று நுனியை மென்றுகொண்டிருக்கிறது. மகாயுத்தத்தில் ஜெர்மன்காரன் செய்ய முடியாததை அது ஒரு வாயில் செய்துவிட்டது. அதற்கப்புறம் கஞ்சியில் மயில்துத்தம் கலந்தேன். புஸ்தகம் பைண்டு பண்ணுகிறவர்கள் பூச்சிக்காகச் சேர்ப்பார்களே, அதுதான். துணி லேசாக நீலம் பாய்ந்தது. தெருவில் ஒரு பிராணி கிட்டே வரவில்லை.

றெக்கைகள் நாலும் ஆயிற்று. மிச்சம் வாலில் நட்டமாக நிற்கிற சுக்கான் மட்டும். அதைத் தைப்பதற்குள் பார்வையிடுகிற அதிகாரி சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டார். விமானப் படைக்கு ஆள் பொறுக்குகிற வெள்ளைக்காரர். கண்காட்சி திறந்த அன்று ஊர்ப் பெரியமனிதர்கள் எல்லாரும் அவர் பின்னால் வந்தார்கள். பெண்களுக்கு ஓரமாகக் கயிறு கட்டி இடம் விட்டிருந்தார்கள். நான் அங்கே நின்றேன். விமானம் வாசலில் நின்றது, சுக்கான் மொட்டையாக, றெக்கையில் கசவு மின்ன, உற்சவத்துக்குப் புறப்பட்ட சப்பரம் கெட்டது போங்கள். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அதிகாரி கசவைப் பார்த்தார். மீசைக்குள் சிரித்தார். றெக்கையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். நீலமாக இருக்கிறதே, என்ன பூச்சு என்று கேட்டார். "லோக்கல் ப்ரிபரேஷன், சார்" என்றார் என் ஆத்துக்காரர். சொல்லிவிட்டு, கை பழக்கம் விடுமா, செம்பை எடுத்து வெள்ளைக்காரர் கையில் ஜலத்தை விட்டார்! அவர் ஒரு நிமிஷம் திகைத்தார். அப்புறம் இந்த ஊர் சம்பிரதாயம் போலிருக்கிறது என்று இரண்டு கையையும் நீட்டி மரியாதையாக அலம்பிக்கொண்டார். அதைப் பார்த்துப் பின்னால் வந்த பெரியமனிதர்களும் வரிசையாகக் கையை நீட்டினார்கள். ஆத்துக்காரர் எல்லாருக்கும் ஊற்றினார்.

அதோடு போயிருந்தால் பிள்ளை எனக்கு மிஞ்சியிருப்பான். போகவில்லை. அதிகாரி குனிந்து றெக்கையின் அடியைப் பார்த்தார். தையலின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே நுனி வரைக்கும் போனார். திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பு இல்லை. "இதை யார் தைத்தது?" என்றார்.

ஆத்துக்காரர் செம்பைக் கீழே வைத்தார். என் சம்சாரம் தைத்தாள் என்றால் சர்க்கார் சொத்து ஸ்ரீவராகத்துக் கூடத்தில் எப்படிக் கிடந்தது என்று கேட்பார்களே. அவர் விழித்துக்கொண்டு நிற்க, என் பிள்ளை ஒரு அடி முன்னால் வந்து இங்கிலீஷில் சொன்னான்: "நான்தான் சார்."

எங்கள் யூனிட்டுகளில் இப்படித் தைக்க ஆளில்லாமல் தவிக்கிறோம், நீ வருகிறாயா என்று அவர் கேட்டார். என் பிள்ளையின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. கயிற்றைத் தள்ளிக்கொண்டு, "அவன் இல்லை! அவனுக்குப் பொத்தான் தைக்கக் கூடத் தெரியாது! நான் தைச்சேன், நான்!" என்று கத்தினேன்.

அந்த அம்மாள் என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார்.

"இவனுடைய தாயார். மகனை நினைத்து மிகவும் பெருமைப்படுகிறாள்" என்று என் ஆத்துக்காரர் சுத்தமான இங்கிலீஷில் சொன்னார்.

அதிகாரி என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். மிஷன் அம்மாமார்கள் புண்ணியத்தில் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. இங்கிலீஷில் கத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நெஞ்சு வெந்து கத்துகிறவளுக்கு எந்தப் பாஷை வருமோ அதுதான் வரும்.

வீட்டுக்கு வந்து நான் அடுப்பு மூட்டவில்லை. "பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடிச்சேளே! உத்தியோகம்தான் உங்களுக்குப் பிள்ளையா?" என்று ஆத்துக்காரரைக் கேட்டேன். பிள்ளையோ அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து ஆனந்தமாக இருந்தான். தையல்காரனாகத்தானேடா கூப்பிட்டார்கள் என்றால், "வாசல்ல நுழைஞ்சுட்டா உள்ள போக எத்தனை நாழி ஆகும்மா? அங்கேர்ந்து பைலட் ஆயிடுவேன்" என்றான். ஆசை இருக்கு தாசில் பண்ண!

எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. பெங்களூரில் தையல் பரீட்சை வைப்பார்களாம். இவனுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. நான் சொல்லிக் கொடுக்கப் போவதில்லை. தோற்றுத் திரும்பி வரட்டும், ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். இப்படி நினைத்து நிம்மதியாக அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஆத்துக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். ஆள் சேர்க்கிற ஆபீஸில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

"தோத்தா ஆத்துக்குத் திருப்பி அனுப்ப மாட்டாளாம். கையெழுத்துப் போட்டாச்சு, போட்டதுதான். தையல் வராதுன்னா பர்மா எல்லைல குண்டு ஏத்தற வேலைக்கு அனுப்புவாளாம். தைக்கறவா மட்டும் சண்டைக்கு ரொம்பப் பின்னாடி கூடாரத்துல உக்காந்திருப்பாளாம்." சொல்லிவிட்டு அவர் அழுதார். கல்யாணமாகி அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன்.

களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். மெத்தை ஊசியை எடுத்தேன். "வாடா இங்கே, உக்காரு" என்றேன்.

எத்தனை மக்குப் பிள்ளை! கணக்கில் முதலாவதாக வருகிறவனுக்கு ஒரு முடிச்சு வரவில்லை. "இழுக்காதேடா, மாட்டையா இழுக்கறே? நூலை மெழுகுல ஓட்டு. குத்து. சுத்தி வா. முடிச்சைப் போட்டுப் பூட்டு. பூட்டுடா!" கட்டை விரலெல்லாம் ரத்தம். முட்டியில் அடித்தேன், தலையில் குட்டினேன், இரண்டு வயசில் கூட அவனை நான் அப்படி அடித்ததில்லை. பிரித்துப் பிரித்துத் திரும்பத் தைக்க வைத்தேன். புறப்படுவதற்கு முன் அவன் தைத்த துண்டையும் நான் தைத்த துண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எவருடையது என்று ஆத்துக்காரருக்குத் தெரியவில்லை. போ, போய்ப் பாஸ் பண்ணு என்று அனுப்பினேன். பாஸ் பண்ணினான்.

அவன் ஆசைப்பட்டபடி எதுவும் நடக்கவில்லை. மூக்குக்கண்ணாடி போட்டவனை யார் பைலட் ஆக்குவார்கள்? யுத்தம் முடிகிற வரை வடக்கே எங்கேயோ மழைக்காட்டில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, குண்டு பட்டுக் கிழிந்து வந்த விமானங்களின் வால் துணியைத் தைத்துக்கொண்டிருந்தான். சுவர் விளம்பரத்தில் இதைப் போடவில்லை. நான் தினமும் சந்நிதிக்குப் போய், இன்றைக்கும் அவனுக்கு நிறையக் கிழிசல் கொடு சுவாமி என்று வேண்டிக்கொண்டேன். அடுத்தவன் விமானம் கிழிய வேண்டும் என்று வேண்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

திரும்பி வந்தான். ரயிலில்தான் வந்தான். கறுத்து, இளைத்து, முன்மண்டையில் முடி குறைந்து. "ஒரு தடவையாவது மேல ஏறிப் பறந்தியாடா?" என்று கேட்டேன். "எங்கேம்மா, தைக்கவே போது சரியா இருந்தது" என்றான்.

மறுநாள் கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்றான். நானும் கூடப் போனேன். யுத்தம் முடிந்துவிட்டதால் அங்கே ஒருவரும் இல்லை. விமானத்தை மறுபடி உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள். கசவு மங்கியிருந்தது, கஞ்சி நிறம் மாறியிருந்தது. அவன் றெக்கைக்கு அடியில் குனிந்து அந்த அதிகாரி மாதிரியே விரலை ஓட்டிக்கொண்டு போனான். "ஒண்ணு கூட விடல்லையேம்மா, அப்படியே இருக்கு" என்றான். அப்புறம் வாலுக்குப் போனான். சுக்கானைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

"இது யாரு தைச்சது? தையலா இது? கோணக்க மாணக்கன்னு. ரெண்டு எடத்துல முடிச்சே போடல்லை. என் செக்‌ஷன்ல ஒருத்தன் இப்படித் தைச்சா வெளில அனுப்பியிருப்பேன்." பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்துவிட்டான், பிரித்துத் திரும்பத் தைக்க.

"நான்தான் தைச்சேன்" என்றேன்.

"நீயா? உன் கை இப்படிப் போகாதே."

"நீ ரயிலேறினியே, அதுக்கு மறுநாள் தைச்சது."

அவன் கத்தரியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். "இது இப்படியே இருக்கட்டும்மா" என்றான்.

இரண்டு பேரும் கஞ்சியைத் தொட்டிருந்தோம். பழைய செம்பு மூலையில்தான் இருந்தது, வெளிக் குழாயில் பிடித்துக்கொண்டு வந்து அவனைக் கையை நீட்டச் சொன்னேன். ஜலத்தை விட்டேன். கட்டை விரல் நுனி முழுக்க ஊசிக் குத்து, காய்ச்சுப் போய்க் கல்லாக இருந்தது.